கடைசலும் ஊற்றுப் பேனாவும்

நமது இதழிற் கைத்தொழில் வரலாறுகள் அவ்வப்போது வெளிவருதலை அன்பர்கள் அறிவார்கள். பொன்வேலை, கல்வேலை, தேர்வேலை முதலியவற்றின் பெருமையை எடுத்துரைப்பார் பலர் உளர். கடைசல் வேலையோ எனின், கட்டிற்கால், தொட்டிற்கம்பு, பம்பரம், சிறுமியர் விளையாட்டுச் செப்பு என்னும் இவற்றோடு முடிந்துவிடும் சிறு தொழிலாகவே பலரானும் எண்ணப்படுகின்றது. அவ்வெண்ணம் பொருந்தாது. நாம் பள்ளியிற் பயின்ற நாளில் சட்டைப் பையிற் செருகித் திரிந்த ஊற்றுப் பேனா கடைசற் பட்டறையிற் பிறந்த பொருளே ஆம். அதன் வரலாற்றை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றை இப்போது எழுதுதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் சங்கத்துச் சேமநிதியினின்றும் பிள்ளைகட்கு அளிக்கப்படும் உதவிப்பணம் கல்லூரிப் படிப்பினர்க்கே உரியதா, பட்டறையிற் பயில விரும்புவார்க்கும் உரியதா என்னும் வினா அண்மைக் கூட்டங்களில் எழுந்துள்ளது. பேனா பிடிக்கும் கை உயர்ந்தது, உளி பிடிக்கும் கை தாழ்ந்தது என்பார் ஒரு சாரார். கைத்தொழிலின் நுட்பம் குடிவழி வந்த சொத்து, அதனைப் பிறர்க்குத் திறந்து காட்டுதல் ஆகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் பேனாவின் வரலாறு எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதை அன்பர்கள் பொறுமையுடன் நோக்குவார்களாக.

சொல்லும் தொழிலும்

கடைதல் என்னும் சொல் தமிழில் இரு தொழிலுக்கு உரியது. தயிரை மத்திட்டுக் கடைகின்றோம். மரத்தை உளியிட்டுக் கடைகின்றோம். பொருள் வேறாயினும் இயக்கம் ஒன்றே. மத்திற் சுற்றிய கயிற்றின் இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்க, மத்து வலமும் இடமுமாகச் சுழலுகின்றது. பழைய கடைசற்காரனும் இரு முளைகட்கு இடையே மரத்துண்டைப் பொருத்தி, அதிற் கயிற்றையோ வில்லின் நாணையோ சுற்றி, அவ்வாறே இழுத்துச் சுழற்றினான். ஆய்ச்சியின் முற்றத்து வேலையும் தச்சன் பட்டறை வேலையும் ஒரே பெயர் பெற்றது இவ்வொப்புமையால் என்று கொள்ளுதல் தகும்.

இத்தொழில் நம் நாட்டிற்கே உரியது என்று பெருமை கொள்ளுதற்கு இடமில்லை. எகிப்து நாட்டில் கி. மு. 300-ஐ ஒட்டிய காலத்தினரான பெட்டோசிரிசு என்னும் பூசகரின் கல்லறைச் சுவரில், ஒருவன் கயிறு இழுக்க மற்றொருவன் உளி பிடித்துக் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. எனினும் நம் நாட்டார் இதனை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றனர் என்பதில் ஐயமில்லை. 1117-ம் ஆண்டில் எழுந்த வேலூர்ச் சென்னகேசவர் கோயில் முதலாகப் போசள மன்னர் கன்னட நாட்டில் எடுத்த கோயில்களில், மாக்கல்லாலாகிய பெருந்தூண்கள் கடைசலில் இட்டுச் சுழற்றியவை போல வளையம் வளையமாக மிளிர்கின்றன. அதே நாட்டுச் சன்னபட்டணத்திலும், ஆந்திர நாட்டு ஏட்டிகொப்பாகத்திலும், நம் பொருநைக் கரையில் அம்பாசமுத்திரத்திலும் மரக்கடைசல் வண்ண விளையாட்டுப் பொருள்களாக இன்றும் வாழ்கின்றது.

பழைய கடைசலுக்கு ஒரு குறை இருந்தது. மரம் முன்னும் பின்னுமாகச் சுழன்றமையின், உளி ஒருபுறச் சுழற்சியில் மட்டுமே சீவிற்று. மறுபுறச் சுழற்சி வீணாயிற்று. உருளையும் மிதியும் வந்து, சுழற்சி ஒரே திசையில் தொடர்ந்து நிகழத் தொடங்கிய பின்னரே வேலை விரைந்தது. அப்போதும் உளி கையிலேயே இருந்தது. ஒரே அளவினவாக நூறு பொருள் வேண்டின், கையின் தேர்ச்சியையன்றி வேறு துணை இல்லை.

மூன்று ஆறுகளின் கூடல்

ஊற்றுப் பேனா தோன்றுதற்கு மூன்று அறிவுகள் ஒன்றுகூட வேண்டியிருந்தது. ஒன்று மரை வெட்டும் அறிவு. மற்றொன்று மையால் கெடாத பொருளை ஆக்கும் அறிவு. பிறிதொன்று மையை அளவாக ஒழுகச் செய்யும் அறிவு. இவை மூன்றும் வேறு வேறு இடத்தில் ஊற்றெடுத்துப் பின்னர்க் கூடிய ஆறுகள் போல்வன.

முதலாவது மரை. 1800-ஐ ஒட்டி இலண்டன் நகரத்தில் ஹென்றி மாட்ஸ்லே என்னும் பணியாளர், உளியைக் கையினின்றும் எடுத்து ஒரு நகரும் தாங்கியிற் பூட்டி, அத்தாங்கியை ஒரு நெடுந்திருகு இழுத்துச் செல்லுமாறு கடைசல் யந்திரத்தை அமைத்தார். பல்சக்கரங்களை மாற்றுதலால் வேண்டிய அளவில் மரை வெட்டுதல் எளிதாயிற்று. அவர் பட்டறையில் வேலை செய்த ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைகட்கெல்லாம் ஒரே ஒழுங்கான அளவை வகுத்துரைத்தார். பேனாவின் மூடியும் உடலும் திருகிச் சேர்ந்து மை கசியாது நிற்றற்கு இவ்வறிவே அடிப்படை.

இரண்டாவது பொருள். எழுதும் மையிற் புளிப்புத் தன்மை உண்டு. இரும்பையும் பித்தளையையும் அஃது அரிக்கும், மரத்தில் ஊறிவிடும். ஆதலின் உலோகமும் மரமும் மைக்கு நல்ல கலம் ஆகா. இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சுடவைத்தால் அஃது உறுதி பெறும் என்பதை 1839-ல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-ல் இதற்கு உரிமை பெற்றார். சிறிதளவு கந்தகம் சேர்ப்பின் இரப்பர் நெகிழ்ந்து மீளும். நூறு பங்கு இரப்பருக்கு முப்பது முதல் ஐம்பது பங்கு வரை கந்தகம் இட்டு நெடுநேரம் சூடாக்கின், அது மரம் போல் இறுகிக் கறுத்துவிடும். இவ்வன்மையான இரப்பருக்கு 1851-ல் சார்லஸின் தம்பி நெல்சன் குட்இயர் உரிமை பெற்றார். கருங்காலி மரத்தை ஆங்கிலர் வழங்கும் பெயரையொட்டி இதனை எபோனைட்டு என்றனர். பெயருக்கேற்ப அது கருங்காலி போலவே கடைசலுக்கு இணங்கும், உளிபட்டால் நெடுஞ்சுருளாகச் சீவிவரும், தேய்த்தால் மின்னும், மையில் ஊறாது.

மூன்றாவது ஒழுக்கு. மையைத் தன்னகத்தே கொண்ட பேனாவுக்கு 1827-லேயே பாரிசு நகரில் பயின்ற ருமேனியராகிய பெட்ராக்கே பொயெனாரு உரிமை பெற்றிருந்தார். ஆயினும் மை ஒருகால் வாராமலும் ஒருகால் கொட்டியும் பேனாக்கள் எழுதுவோரை வருத்தின. நியூயார்க்கிற் காப்புறுதித் தொழில் செய்த லூயி வாட்டர்மன் என்பார் 1884-ல் ஒரு புதிய நாக்கை அமைத்து உரிமை பெற்றார். நிப்புக்கு அடியில் நிற்கும் இந்நாக்கில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். மை வரிவழியே கீழ் இறங்க, அதே அளவு காற்று மேல் ஏறும். இம்மாற்று ஒழுங்காய் நிகழுமாயின் மையும் ஒழுங்காய் வரும். ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதனால் வாட்டர்மன் வணிகம் இழந்தார் என்றும், அச்சினத்தால் பேனா செய்தார் என்றும் கூறப்படும் கதை சுவையுடையதே. ஆயின் அதற்குச் சான்று இன்மையின் அதனை வரலாறாகக் கொள்ளற்க. உடலும் மூடியும் நாக்கும் எபோனைட்டுக் கோலில் கடைந்தெடுக்கப்பட்டன என்பதே உறுதியான வரலாறு.

ஆசிரியர் இருவர்

ஈண்டு ஆசிரியத் தொழிலினராகிய நாம் மகிழ்ந்து கூறத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு ஜேன்ஸ்வில் என்னும் ஊரில் தந்திக் கல்வி கற்பித்த ஜார்ஜ் பார்க்கர், தம் மாணவர்க்குப் பேனா விற்று, அவை பழுதுற்றபோது தாமே செப்பனிட்டுக் கொடுத்தார். அங்ஙனம் பலகால் பிரித்துப் பார்த்ததனால் அதன் குற்றம் இன்னதென்று உணர்ந்து, 1888-ல் தம் பெயராலேயே பேனாத் தொழிலைத் தொடங்கினார். ஜப்பான் நாட்டிற் கப்பற் கல்விச்சாலையிற் கற்பித்த நமிக்கி ரியோசுக்கே என்பாரும் எழுதுகருவி ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1918-ல் ஒரு தொழிற்சாலை நிறுவினார். பைலட் என இன்று உலகறிந்த பேனாக் கூட்டம் அதுவே.

நமிக்கியாரின் செயலில் நாம் கற்கத்தக்கது மற்றொன்றும் உளது. எபோனைட்டு வெயிலும் ஈரமும் பட்டால் நாளடைவில் கருமை குன்றிப் பழுப்பேறும். அக்குறையை நீக்க அவர் தம் நாட்டு மரபு மெருகாகிய உருஷி என்னும் மரப்பாலைக் கடைந்த எபோனைட்டின்மேற் பூசுவித்தார். பின்னர் அம்மெருகின்மீது பொற்பொடி தூவிச் சித்திரம் தீட்டும் பழங்கலையும் பேனாவில் ஏறிற்று. 1930-ல் டன்ஹில் என்னும் ஆங்கில வணிகருடன் உடன்படிக்கை செய்துகொண்டு மேனாட்டிலும் அவை விற்கப்பட்டன. புதிய பொருள் வந்தபோது அவர் பழங்கலையைக் கைவிட்டிலர். பழங்கலையைப் பிடித்துக்கொண்டு புதிய பொருளை வெறுத்திலர்.

நம் நாட்டிலும் கடைசலோடு இணைந்த மெருகு உண்டு. சன்னபட்டணத்துத் தொழிலாளர் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெம்மையால் அரக்கு உருகி மரத்திற் படியும். தாழை இலையால் ஒற்றித் தேய்க்க அது கண்ணாடி போல் ஒளிரும். உருஷி மரத்தின் பால். நம் அரக்கோ ஒரு சிறு பூச்சி தரும் பிசின். இரண்டின் இயல்பும் வேறு. ஆயினும் கைவந்த கலையைப் புதுப்பொருளுக்கு ஏற்றும் துணிவு இரண்டிற்கும் பொதுவாய் வேண்டப்படுவது.

இராசமகேந்திரபுரத்துப் பேனா

நம் நாட்டு முயற்சிகளுட் பெரிதும் பேசப்படுவது ஆந்திர நாட்டு இராசமகேந்திரபுரத்தில் கோசூரி வேங்கட ரத்தினம் என்பார் 1932-ல் தொடங்கிய பேனாத் தொழில். மக்கட்குப் பயன்படும் ஒரு பொருளை உள்நாட்டிலேயே செய்யுமாறு காந்தியடிகள் தூண்டியதே இதற்கு வித்து என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருவர். ரத்தினம் முதலில் அனுப்பிய பேனாவில் அயல்நாட்டு உறுப்பு இருந்தமையின் அடிகள் அதனை ஏற்றிலர் என்றும், அவர் மனந்தளராது உறுப்பனைத்தும் உள்நாட்டில் ஆக்கி மீண்டும் அனுப்பினார் என்றும் அவர்கள் உரைப்பர்.

அப்பேனா அடிகளிடம் சேர்ந்தது அனைந்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்து ஜே. சி. குமரப்பா வாயிலாக. இவர் 1892-ல் நம் தஞ்சையிற் பிறந்தவர். 1934-ல் வார்தாவில் அமைந்த அச்சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். பேனாவைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், கடைவீதியிற் காணும் அயல்நாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்றாகத் தோன்றுகின்றது என்னும் கருத்துப்பட 1935-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரத்தினத்துக்குக் கடிதம் எழுதினார். அப்பட்டறையின் வழித்தோன்றல்கள் இன்றும் பேனா கடைந்து வருகின்றனர்.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று. உள்நாட்டுப் பொருள் என்பது கொண்டே அடிகள் பாராட்டினார் அல்லர். தம் கையால் எழுதிப் பார்த்த பின்னரே பாராட்டினார். கைத்தொழிலுக்குக் குலமும் தேசமும் தரும் சான்று போதாது. பொருளே தனக்குச் சான்று பகர வேண்டும்.

தளர்ச்சி

கடைந்த பேனாவுக்கு இடர் மூன்று வழியில் வந்தது. 1924-ல் அமெரிக்காவில் ஷெபர் கூட்டத்தார் செல்லுலாயிடில் வண்ணப் பேனா செய்தனர். கரிய எபோனைட்டு மதிப்புக் குறைந்தது. பின்னர் உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் பாய்ச்சும் யந்திரம் பெருகிற்று. கடைசற்காரன் ஒரு மூடி கடையும் நேரத்தில் அச்சு பலநூறு மூடிகளை உமிழ்ந்தது. மூன்றாவதாக, ஹங்கேரியராகிய லாஸ்லோ பிரோ 1938-ல் உரிமை பெற்ற பந்துமுனைப் பேனா 1945-ல் நியூயார்க்குக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. நாக்கும் வேண்டா, நிரப்பும் மையும் வேண்டா என்னும் நிலை உண்டாயிற்று.

அவ்வலை நம் ஊர்களையும் தாக்கிற்று. சாத்தூர் என்றால் காராச்சேவும் பேனா நிப்பும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. வீடுதோறும் சிறு பட்டறை வைத்துத் தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, தீட்டி நிப்புச் செய்த குடும்பங்கள் பல. பந்துமுனைப் பேனா பள்ளிகளிற் புகுந்த பின்னர் அத்தொழில் நலிந்தது. காராச்சேவு நின்றது, நிப்பு நின்றிலது.

ஆயினும் முற்றும் அழிந்துவிடவில்லை. திருவள்ளூரில் எபோனைட்டுப் பேனாவைக் கையாற் கடையும் பட்டறை இன்றும் இயங்குகின்றது. அயல்நாட்டார் பலர் அத்தகைய பேனாவை விரும்பி வாங்குகின்றனர். அச்சில் வார்த்த பொருள் மலிந்த உலகில், ஒருவன் கைப்படக் கடைந்த பொருளுக்குத் தனி மதிப்புப் பிறந்துள்ளது. மேனாடுகளில் வேறு தொழில் செய்வோரும் ஓய்வுநேரப் பயிற்சியாகப் பேனா கடைகின்றனர்.

தொடங்குவார்க்குச் சில

பயில விரும்பும் இளைஞர்க்குச் செய்முறையைச் சுருங்கச் சொல்லுதும். எளிய வழி, ஆயத்த உறுப்புகளைக் கொண்டு தொடங்குதல். ஒரு சாண் அளவுக்குக் குறைந்த மரக்கட்டையை அறுத்து, நடுவே துளையிட்டு, அத்துளையில் பித்தளைக் குழலைப் பசையிட்டுச் செருகுக. தொடக்கத்தார் கொள்வது பெரும்பாலும் 7 மில்லிமீட்டர்க் குழலே. பசை இறுகியபின் கட்டையின் இரு முகப்பையும் குழலுக்கு நேர்செங்குத்தாகச் சீவுக. இதிற் பிழைப்பின் உறுப்புகள் பின்னர்ப் பொருந்தா. பின்பு கட்டையை நடுக்கம்பியிற் கோத்து, இருபுறமும் அளவு வளையம் இட்டு, லேத்திற் பூட்டிக் கடைக. வளையத்தின் கனத்துக்கு மரம் இறங்கியதும் உளியை நிறுத்துக. கரடான உப்புத்தாள் முதலாக நுண்ணிய தாள் ஈறாகத் தேய்த்து, மெருகிட்டு, உறுப்புகளை அழுத்திச் சேர்த்தால் பேனா ஆயிற்று.

கடிய வழி, எபோனைட்டுக் கோலினின்றும் மூடி, உடல், கழுத்து மூன்றையும் தாமே கடைதல். இதற்குத் துளையிடும் போது பொறுமை வேண்டும். விரைந்து துளைப்பின் எபோனைட்டு சூடேறிக் கந்தக நாற்றம் எழும். துளையும் அளவு பிசகும். அடிக்கடி வெளியே இழுத்துத் துகளை நீக்குதல் நன்று. உள்மரையை டேப்பாலும் வெளிமரையை டையாலும் வெட்டுவர். மரை முதலில், வெளி உருவம் பின்னர் என்பது முறை. உருவத்தை முடித்துவிட்டு மரை வெட்டப் புகுந்தால் பிடிக்கும் இடம் மெலிந்து பொருள் உடையும். முடிந்த உடலில் மைக்கு மாறாக நீரை நிரப்பி, கழுத்தைத் திருகி, நிப்புப் புறம் மேலாக ஒரு தாளின்மீது ஓர் இரவு படுக்கச் சாய்த்து வைக்க. தாள் நனையாதிருப்பின் மரை செவ்விது.

உளி கூர்மையாய் இருத்தல் முதற்கடன். மழுங்கிய உளி சீவாது, மரத்தைப் பிய்க்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் வேண்டும். தோளில் துண்டு, தளர்ந்த வேட்டி, தொங்கும் சேலைத்தலைப்பு, நீண்ட கைச்சட்டை, கையில் தளர்ந்த காப்பு ஆகிய எவையும் சுழலும் யந்திரத்தின் அருகில் ஆகா. முதல் நாள் மெதுவான சுழற்சியே போதும். விரைவு தானே வரும்.

சங்கத்தாருக்கு

இனி, தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு வருவோம். பேனா பிடிக்கும் கையும் உளி பிடிக்கும் கையும் வேறு என்பாரை நாம் கேட்பது இதுவே: உளி இன்றேல் பேனா ஏது? கணக்கனும் ஆசிரியனும் வழக்கறிஞனும் நெடுங்காலம் கையிற் பிடித்தது கடைசற்காரன் கைவேலையையே. அதனை ஆக்கியவனைத் தாழ்த்தி, அதனாற் பிழைத்தவனை உயர்த்துதல் அறமன்று.

தொழில் நுட்பத்தை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டும் என்பாரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக. வாட்டர்மன் காப்புறுதி முகவர். பார்க்கரும் நமிக்கியும் ஆசிரியர். கடைசற் குடியிற் பிறந்தமை பற்றி அவர்கள் புகழ் பெற்றிலர். பேனாவை எழுதிப் பார்த்தவன் அதன் குறையை அறிந்தான். கடையத் தெரிந்தவன் அக்குறையைத் தீர்த்தான். இருவர் அறிவும் கூடிய இடத்திற் பேனா வளர்ந்தது. பூட்டிய அறையில் அது வளர்ந்திராது. நம் முன்னோர் பலர் கைந்நுட்பத்தைப் பிறர்க்குச் சொல்லாது மறைத்தனர். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயினர். நுட்பம் அவர்களோடு மறைந்தது. மறைத்ததனால் காத்தது எது?

ஆதலின் நாம் சங்கத்தார்க்கு வேண்டிக்கொள்வன இரண்டு. உதவிப்பணத்தில் ஒரு பகுதியைப் பட்டறையிற் பயிலும் ஆண், பெண் பிள்ளைகட்கும் ஒதுக்குக. சங்க மண்டபத்தின் பின்கட்டில் ஒரு சிறிய லேத்தை நிறுவி, விடுமுறை நாள்களில் தேர்ந்த முதியவர் ஒருவரைக் கொண்டு பயிற்றுக. அண்டை வீட்டுப் பிள்ளை வேறு குலத்தது எனினும் அதற்கும் கதவைத் திறந்து வைக்க. அப்பட்டறையிற் பயில்வார் அனைவரும் பேனா விற்றே பிழைப்பர் என்று நாம் கூறவில்லை. ஒரு பொருளை அளவு பிசகாமல் தொடங்கி முடித்த பிள்ளை, அதன்பின் எக்கல்வியில் இறங்கினும் அவ்வொழுங்கை உடன்கொண்டு செல்லும் என்பதை வகுப்பறையிற் பலகால் கண்டுள்ளோம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அப்பயிற்சி பழுதாகாது.

முதியவர்கள் கையில் உளி நிற்கும் நாள் இன்னும் சில ஆண்டுகளே. அதற்குள் அன்பர்கள் கூடி ஆவன செய்வார்களாக. கைத்தொழில் ஓங்குக, கற்பார் பெருகுக.